கர்னல் சாப்பிடவில்லை

மாரீபா,
ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு ரோவீனா எழுதுவது. நான் சுகம், வீடும் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. வலது கை இப்போது எப்படி இருக்கிறது? நாக்கு இன்னும் புரளவில்லை என்று தம்பி சொன்னான். ஆனால் இடது கையால் எழுதப் பழகிவிட்டீர்களாமே, அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. போனில் உங்கள் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நான் என்ன பேசுவது? அதனால் இனிமேல் கடிதம்தான்.

ஹோபார்ட்டில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் தம்பி டாரில் உங்களைப் பார்த்துக்கொள்கிறான். உங்கள் பாம்பைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

கர்னலுக்கு நேற்றுச் சாப்பாடு போட்டேன். போடப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் எலிகள் கல்லாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து மைக்ரோவேவில் வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதப் போவதில்லை. அடுப்படி ஜன்னல்கள் இன்னும் மூடப்படவில்லை. மைக்ரோவேவைக் குப்பைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பக்கத்து வீட்டு ட்ரெவர், "என்னம்மா, ரிப்பேரா?" என்றார். ஆமாம் என்றேன்.

இன்னொரு எலியை மேசையில் வைத்து இளகவிட்டுக் கொடுத்தேன். கர்னல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு ஆள் வீட்டில் பட்டினி கிடக்கிறான், அவனுக்கு என் மேல் என்ன கோபம் என்று சொல்லத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நர்ஸ்கள் சொன்னபடி கேளுங்கள்.

ரோவீனா


டவுன்ஸ்வில்,
ஆகஸ்ட் 15

ரோவி,

உன் கடிதம் வந்தது. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், நிதானமாகப் படி. கால் பரவாயில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். இங்கே சாப்பாட்டில் உப்பு என்பதே கிடையாது.

மைக்ரோவேவ் விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். என் சிரிப்பு இப்போது வேறு மாதிரி வருகிறது. லிட்டியா என்று ஃபிஜிக்கார நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், எனக்கு மறுபடி வாதம் அடித்துவிட்டது என்று ஓடி வந்தாள். கடிதத்தைக் காட்டினேன். அவளும் சிரித்தாள்.

இனிமேல் இப்படிச் செய். எலியை முதல் நாளே ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் எடுத்து வை. மறுநாள் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெந்நீரில் முக்கு. தொட்டால் உயிருள்ளது மாதிரி கதகதப்பாக இருக்க வேண்டும். பாம்பு சூட்டை வைத்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கும், ஆறிப்போனது அதற்கு இரையே இல்லை. நீள இடுக்கியால் வாலைப் பிடித்து முகத்துக்கு முன்னால் லேசாக ஆட்டு. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விடாதே, உன் கையையும் எலி என்றுதான் நினைப்பான். விழுங்கிய பிறகு இரண்டு நாள் தொடாதே.

அப்படியும் சாப்பிடாவிட்டால் பதறாதே. இந்த ஆகஸ்ட் குளிரில் ஆண் பாம்புகள் சாப்பிடாது, பெண் தேடும் காலம். கர்னல் ஒன்பது வருடமாக இப்படித்தான்.

நவம்பரில் டாக்டர்கள் கூட்டம் போட்டு, என்னைத் தனியாக வீட்டில் விடலாமா, இல்லை முதியோர் இல்லத்தில் போடுவதா என்று முடிவு செய்வார்களாம். கைகால் பரவாயில்லையாம், மூளை எப்படி என்றுதான் சந்தேகமாம். நான் வீட்டுக்குத்தான் வருவேன். கர்னலிடம் சொல்லி வை.

அப்பா


மாரீபா,
செப்டம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கம்பியைப் பிடித்து நடப்பதைப் படித்ததும் மனசு லேசானது. எனக்கு இந்தப் பக்கத்துத் தூசியில் தும்மல் தவிர வேறு குறையில்லை. லீவை நீட்டித்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி வெந்நீர், இடுக்கி, ஆட்டல் எல்லாம் செய்தேன். ஒரு மணி நேரம் எலிக்கு நடனம் கற்றுக்கொடுத்ததுதான் மிச்சம். கர்னல் தலையை இழுத்துக்கொண்டான். அதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. பெட்டிக்குள் இருக்கும் சூட்டு விளக்கடியில் படுக்கும்போது உடம்பின் பின்பாதியை முறுக்கி, வயிறு மேலே தெரியும்படி மல்லாந்து கிடக்கிறான். சாப்பிடாதவன் மெலியத்தானே வேண்டும்? இவன் பின்பக்கம் தடித்துக்கொண்டு போகிறான். கட்டியா, வீக்கமா? பாம்பு பார்க்கும் டாக்டர் கெய்ர்ன்ஸில் இருக்கிறார். போனில் கேட்டேன். ஆண்தானே, இந்தச் சமயத்தில் அப்படித்தான், மெலியாதவரை கவலைப்படாதீர்கள் என்றார். தடிக்கிறானே என்று சொன்னதற்கு, அப்படியானால் இன்னும் நல்லது என்று வைத்துவிட்டார்.

பார்ப்பதற்கு மட்டும் ராஜா மாதிரி இருக்கிறான். ஹாலை அளக்க வந்த ஆள் பெட்டியைப் பார்த்ததும் டேப்பை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டார்.

மாமரம் பூத்துக் கொட்டுகிறது. இந்த வருடம் நிறையக் காய்க்கும் என்று ட்ரெவர் சொல்கிறார். உடனே பதில் போடுங்கள்.

ரோவீனா


மாரீபா,
செப்டம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம்தானா? உங்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், பீட்சாக் கடை விளம்பரம்தான் கிடக்கிறது. நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதாகவும், எழுதும் பலகையை லிட்டியா கொடுத்தால் தள்ளிவிடுவதாகவும் டாரில் சொன்னான். உடம்புக்கு ஏதாவதா? என் மேல் ஏதாவது வருத்தமா?

கர்னல் நிறம் மங்கிவிட்டான். கண் இரண்டிலும் பால் ஊற்றியது மாதிரி இருக்கிறது. இது சட்டை உரிக்கும் அறிகுறி என்று எனக்கே தெரிகிறது, ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. மல்லாந்து படுப்பது நிற்கவில்லை. அப்பா, இவன் செத்துப்போனால் உங்களிடம் நான் எப்படி முகம் காட்டுவேன்? இரண்டு வரியாவது எழுதுங்கள்.

ரோவீனா


டவுன்ஸ்வில்,
செப்டம்பர் 30

ரோவி,

உடம்பு அப்படியே இருக்கிறது. நீ தும்மலுக்கு மாத்திரை போடு.

சட்டை உரிக்கும்போது இரை கொடுக்காதே, தூக்காதே. கண் தெரியாது, பயத்தில் கடித்துவிடும். உடம்பு முழுவதும் முங்குகிற அளவுக்குத் தொட்டியில் தண்ணீர் வை. உரசுவதற்குச் சொரசொரப்பான கட்டை ஒன்று போடு. கண் மறுபடி தெளியும், தெளிந்து சில நாளில் மூக்கிலிருந்து உரியத் தொடங்கும். அவசரப்பட்டு இழுக்காதே. உரித்த சட்டையின் தலைப்பக்கத்தைப் பார். கண் இருக்கும் இடத்தில் கண்ணாடி வில்லை மாதிரி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது. நகத்தால் கிள்ளினாயோ, கண் போய்விடும். ஈரத் துண்டைச் சுருட்டிக் கொடு, அதற்குள் ஊர்ந்து தானே கழற்றிக்கொள்ளும்.

இன்னொன்று. கர்னல் ஆண் இல்லை, பெண். முட்டை வைக்கப் போகிறாள். உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும் அளவில் ஒரு மூடிய பெட்டி வை. தோட்டக் கடையில் காய்ந்த பாசி விற்பார்கள். நனைத்துப் பிழிந்து அதில் நிரப்பு.

டேப்போடு வந்த ஆள் எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

அப்பா


மாரீபா,
அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது. கால் கை குறையில்லாமல் இருக்கிறதா? நான் இருக்கிறேன், குழம்பிப்போய் இருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. கர்னல் சட்டை உரித்தாயிற்று. காலுறையைக் கழற்றிப் போட்டது மாதிரி முழுதாக, உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது கண் வில்லை இல்லை. ஈரத் துண்டு வைத்தேன், மறுநாள் துண்டின் மடிப்பில் ஒட்டிக் கிடந்தது. அதைக் கண்டெடுத்த சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, ட்ரெவரிடம் சொன்னேன். அவர் பீரைக் கீழே வைத்துவிட்டார்.

இனி மற்றது. கர்னல் முட்டையிடப் போவதாக நீங்கள் லிட்டியாவுக்கும் எழுதிக் காட்டினீர்களாம். அவள் சும்மா பேச்சுவாக்கில் டாக்டரிடம் சொல்ல, அவர் டாரிலைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். டாரில் எனக்குப் போன் போட்டுக் கத்தினான். "ஒன்பது வருஷமா ஆம்பளையா இருந்த பாம்பு, இப்ப முட்டை போடப் போகுதாம். பெட்டிக்குள்ள வேற பாம்பு கிடையாது, அப்புறம் யாருக்குப் போடுதாம்? அப்பாவுக்கு மூளை கலங்கிருச்சுக்கா. நான் சொன்னா நீ நம்பல."

நீங்களே ஆகஸ்டில் ஆண் என்றுதான் எழுதியிருந்தீர்கள். அதே நீங்கள் இப்போது பெண் என்கிறீர்கள். கண் வில்லையைப் பற்றி நீங்கள் எழுதியது அச்சுப் பிசகாமல் நடந்தது. எதை நம்புவது? பாசியை வாங்கி வைத்துவிட்டேன், ஆனால் நம்பி வைத்தேனா என்று கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் வீட்டுக்கு விலை மதிப்பிட வந்தார். டவுன்ஸ்வில்லில் டாரில் ஓர் இல்லம் பார்த்திருக்கிறான். சுத்தமான இடம், தோட்டம் இருக்கிறது. பாம்பு வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். கூட்டத்தில் அவன் அதைத்தான் சொல்லப் போகிறான். நான் வேண்டாம் என்று இதுவரை சொல்லவில்லை.

ரோவீனா


டவுன்ஸ்வில்,
அக்டோபர் 18

ரோவி,

சுகமாக இருக்கிறேன். நீயும் இரு.

கண் வில்லையைப் பத்திரமாக எடுத்துவிட்டாய். கெட்டிக்காரி.

கர்னலை விற்றவன் ஆண் என்றான். நான் நம்பினேன். அதற்கு மேல் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. குளிரில் சாப்பிடாமல் இருக்கவும் ஆண்தான் என்று மனசில் பதிந்துவிட்டது. பாம்பு வளர்க்கிற எத்தனையோ பேர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். உன் கடிதம் வந்த பிறகுதான் யோசித்தேன். பின்பாதி தடிக்கிறது, விளக்கடியில் வயிற்றைத் திருப்பிச் சூடு காட்டுகிறது. அதற்கு மேல் வசந்தத்தில் ஒரு சட்டை. இது முட்டைக்கு முந்தின சட்டை. இன்னும் சில வாரத்தில் வைப்பாள். ஆண் இல்லாமலும் பெண் பாம்பு முட்டை வைக்கும், பொரிக்காது, அவ்வளவுதான். கோழி வைக்கவில்லையா? டாரிலிடம் இதைக் கேள்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன் என்றாய். கோபம்தான், வேறென்ன. உங்கள் இரண்டு பேர் மேலும் கோபம். வீட்டை விற்க வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு மூளை போய்விட்டது என்று சொல்லி விற்காதீர்கள்.

அப்பா


மாரீபா,
நவம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் பொறுமை இல்லை, பிறகு விசாரிக்கிறேன். கர்னல் முட்டை வைத்துவிட்டாள்.

காலையில் தண்ணீர் மாற்றப் போனேன். பாசிப் பெட்டியின் ஓட்டை வழியாக அவள் உடம்பு மட்டும் சுருள் சுருளாகத் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் சுருளுக்கு நடுவே முட்டை. இருபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், எண்ண விடமாட்டேன் என்கிறாள். மஞ்சள் பாய்ந்து கோணல்மாணலாக இருக்கின்றன, பொரிக்காத முட்டை அப்படித்தான் இருக்கும்போல. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பாம்புக்காக இல்லை.

படம் எடுத்து டாரிலுக்கு அனுப்பினேன். அப்புறம், "சரிக்கா. அப்பா சொன்னது சரிதான்" என்று மட்டும் வந்தது. அதே படத்தையும் உங்கள் கடிதங்களையும் டாக்டருக்கும் அனுப்பியிருக்கிறேன். கூட்டத்தில் போனில் நானும் இருப்பேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்களை நான் சந்தேகப்பட்டேன், அப்பா. அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ரோவீனா


மாரீபா,
நவம்பர் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

லிட்டியா இதற்குள் சொல்லியிருப்பாள், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும். நீங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். நான் பேசினேன். எட்டு மணி நேரத் தூரத்தில் மல்லாந்து கிடக்கும் பாம்பைக் கடிதத்தில் படித்தே முட்டை என்று சொன்னவருக்கா மூளை குழப்பம் என்று கேட்டேன். தூரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், யாரும் திருத்தவில்லை. டாக்டர் சிரித்துவிட்டார். டாரிலும் சம்மதித்துவிட்டான். காலையில் ஓர் ஆள் வந்து உங்களைக் குளிக்க வைத்துவிட்டுப் போவார், மற்ற நேரம் நீங்கள் உங்கள் இஷ்டப்படி. விலை மதிப்பிட்டவருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நான் மாதக் கடைசியில் ஹோபார்ட் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

கர்னல்தான் பிடிவாதம் பிடிக்கிறாள். பொரிக்காத முட்டையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். எலியைக் காட்டினால் சீறுகிறாள். பட்டினி தொடங்கி எத்தனை மாதம் ஆகிறது பாருங்கள். என்ன செய்ய?

ரோவீனா


டவுன்ஸ்வில்,
நவம்பர் 17

ரோவி,

சுகம். பெட்டி கட்டித் தயாராக உட்கார்ந்திருக்கிறேன். வார்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. நீ பேசியதை லிட்டியா நடித்தே காட்டினாள். என் மகள் எனக்காகப் பேசியதை இன்னொரு தடவை நடித்துக் காட்டச் சொன்னேன்.

முட்டையை எடுத்துவிட வேண்டும். அவளாக விடமாட்டாள், வாசனை இருக்கும்வரை காவல் கிடப்பாள். கனமான துண்டை அவள் தலைமேல் போட்டு மூடு, வால் பக்கத்திலிருந்து சுருளை மெதுவாகப் பிரி. முட்டையை எடுத்ததும் பாசியைத் தூக்கி எறி, பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவு. அவளையும் இளவெந்நீரில் கழுவு. வாசனை துளிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் வெறும் தரையைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துச் சின்ன எலியாகக் கொடு, இத்தனை நாள் பட்டினி கிடந்தவளுக்குப் பெரியது தாங்காது.

தனியாகச் செய்யாதே. நீ பாம்பைப் பிடித்துக்கொள், அம்மா தண்ணீர் ஊற்றட்டும். எவ்வளவு சூடு வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கே வந்திருந்தபோதே சொல்லிவிட்டேன், தலையை ஆட்டினாள். ஹால் விளக்கைப் போட்டே தூங்குவாள், அணைத்துவிடு.

அப்பா


மாரீபா,
நவம்பர் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? உண்மையாகவே கேட்கிறேன்.

முட்டையை எடுத்துவிட்டேன். துண்டு, வால் பக்கம், சோப்பு, இளவெந்நீர், எல்லாம் நீங்கள் எழுதிய வரிசையிலேயே செய்தேன். ஒன்றும் தப்பவில்லை. தண்ணீர் ஊற்ற ட்ரெவரைக் கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார், பாதி என் மேல். நேற்று கர்னல் சின்ன எலி ஒன்றை விழுங்கினாள்.

அம்மாவைக் கூப்பிடச் சொல்லியிருந்தீர்கள். அந்த இடத்தை அடுப்படியில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவை அடக்கம் செய்து ஆறு வருடம் ஆகிறது, அப்பா. முதல் பிடி மண் போட்டது நீங்கள். இதை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகும். எழுதினால் உங்களுக்கு அவள் இன்றைக்குத்தான் செத்த மாதிரி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இதைப் படிக்கும்போது லிட்டியாவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாம்பைப் பற்றி எழுதிய கைதான் அதையும் எழுதியிருக்கிறது, அதே தாளில், அதே பேனாவில். இரண்டில் எது நீங்கள் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

டாரிலிடம் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "இப்ப என்னக்கா பண்றது?" என்று கேட்டான். சின்ன வயதில் கேட்கிற குரல். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். தனியாக என்றால் முடியாது என்றார். தனியாக இல்லை என்று சொன்னேன்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஹோபார்ட் வேலையையும் விட்டுவிட்டேன், அதற்காக வருத்தப்படத் தொடங்காதீர்கள். வெள்ளிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், பெட்டியோடு வாசலில் இருங்கள். வழியில் அம்மா எங்கே என்று கேட்டால் சொல்வேன். மறுபடி கேட்டால் மறுபடி சொல்வேன். நான் யார் என்று கேட்கிற நாளும் வரலாம். வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், அப்பா. அதையும் சொல்கிறேன்.

உங்கள் மகள்
ரோவீனா